வானுக்கு வைத்த பொட்டு

"அந்தப் பொட்டை அழிச்சாத்தான் சுடுதண்ணி வரும்."

லண்டனில் செவன் கிங்ஸ் போகும் பஸ்ஸில் முன் இருக்கைக்காரர் போனில் இப்படிச் சொன்னதும் நான் புத்தகத்தை மூடிவிட்டேன். ஸ்பீக்கர் போட்டிருந்தார். மறுமுனையில் அவருடைய தங்கை. படுக்கை, குளியலறை எல்லாம் உள்ளேயே இருக்கும் கேம்பர் வான் ஒன்றைப் புதிதாக வாங்கி, மாமியார், குடும்பத்தோடு டெவன் கடற்கரைக்குப் போயிருக்கிறார்.

"என்னண்ணை கதைக்கிறியள்? வான் பூசையில ஐயர் வைச்ச பொட்டு."

"நீ அனுப்பின படத்தைப் பார்த்தனான். ஐயர் சந்தனத்தை அப்பினது பாய்லரின்ர புகை போற ஓட்டையில. அது அடைச்சிருந்தா பாய்லர் எரியாது."

"வட்டமா இருந்ததெண்டு வைச்சிட்டார். இப்ப அழிக்கக் கூடாதாம், மாமி சொல்லுறா."

"வான் என்ன, சுமங்கலியோ? மாமி எங்க?"

"துவாயோட நிக்கிறா. குளிக்காமல் தேத்தண்ணியும் குடிக்கமாட்டா."

"அப்ப பச்சைத்தண்ணியில குளிக்கச் சொல்லு."

மறுமுனையில் வான் கதவு திறக்கும் சத்தம் கேட்டது.

"அண்ணை, மாமி கரண்டியோட வெளியில போறா."

"துவாயோடயோ?"

"மேல கோட் போட்டிருக்கிறா."

அவர் போனை வைத்தார். என் ஸ்டாப் வந்து போனது. நான் எழும்பவில்லை. பஸ் இல்ஃபோர்டைத் தாண்டும்போது போன் மறுபடி அடித்தது.

"அண்ணை, சுடுதண்ணி வந்திட்டுது! மாமி குளிச்சு முடிச்சிட்டா."

"பொட்டை அழிச்சவவோ?"

"அழிக்க மனமில்லாமல் சந்தனத்தை அப்பிடியே வழிச்செடுத்துப் பக்கத்து வானில வைச்சிட்டா. அந்த வான்கார வெள்ளைக்காரர் தாங்க்யூவும் சொன்னவர்."

"பிறகென்ன?"

"இப்ப வந்து கதவைத் தட்டுறார். தனக்குச் சுடுதண்ணி வரேல்லையாம்."