எடை பார்க்க வந்தவர்கள்

பிற்பகல் மூன்றே கால்... வடக்குப் பனிக்காட்டில் இருக்கிற கிரேட் ஸ்லேவ் ஏரியின் கிழக்குக் கோடியில் நவம்பர் கடைசியில் அந்த நேரத்துக்கே இருட்டிவிடும். முயலுக்கு வைத்த கண்ணிகளைப் பார்த்துவிட்டு ஒற்றையடிப் பாதையில் ஒரு பெண் தனியாகத் திரும்பிக்கொண்டிருந்தாள். ஐந்து கண்ணி. ஐந்தும் காலி.

இன்னும் கிட்ட வாருங்கள். இது எங்கள் பட்டறையில் வேலை செய்கிற டார்சியின் அக்காவுக்கு நடந்தது. பெயர் மார்லிஸ். நாற்பத்து மூன்று வயது. பள்ளிப் பேருந்து ஓட்டுகிறவள்.

டிவிக்காரர்கள் பத்துப் பேரைக் கொண்டுபோய்ப் பத்து இடத்தில் தனித்தனியாக இறக்கிவிடுவார்களே, அந்தப் போட்டி. கேமராவைத் தானே வைத்துத் தன்னையே படம் பிடிக்க வேண்டும். மற்றவர்களில் எத்தனை பேர் மிச்சம் என்று யாருக்கும் தெரியாது. கடைசி ஆளுக்குப் பரிசு. கையில் ஒரு சின்னக் கருவி. காலையில் அதில் "நலம்" என்று அனுப்ப வேண்டும். முடியவில்லை என்றால் சிவப்புப் பொத்தான். அமுக்கினால் வந்து கூட்டிப்போவார்கள்.

மார்லிஸ் போனதே மகளுக்காகத்தான். விவாகரத்துக்குப் பிறகு டெஸ் அப்பாவோடு இருந்தாள். பரிசு கிடைத்தால் அவளுக்கும் ஓர் அறை உள்ள வீடு வாங்கலாம். கிளம்புகிற அன்று பழைய புருஷன் கிளின்ட் வாசலில் நின்று சிரித்தான்.

"நீயா? பஸ்ஸுல ஹீட்டர் நின்னாலே ஊரையே கூட்டுவே. நாலு நாள் தாண்டமாட்டே, போ!"

பக்கத்தில் நின்ற பதினாறு வயது மகளும் சிரித்துவிட்டாள். அந்தச் சிரிப்பைத்தான் மார்லிஸால் விழுங்க முடியவில்லை.

ஐம்பத்தெட்டாம் நாள் ஹெலிகாப்டரில் டாக்டர் வந்து எடை பார்த்தார். ஆன்ஸ்லி என்று பெயர். நல்ல மனுஷி.

"மார்லிஸ், இன்னும் ரெண்டு கிலோ குறைஞ்சா நானே தூக்கிட்டுப் போயிடுவேன். அப்புறம் என்கிட்ட சண்டை போடக் கூடாது, சொல்லிட்டேன்."

அதற்குப் பிறகு அவளுக்குக் கிடைத்தது இரண்டே மீன். அறுபத்து நாலாம் நாள் குளிரில் கேமராவின் பேட்டரிகள் எல்லாம் செத்துப்போயின. அறுபத்தாறாம் நாள்தான் இந்த மூன்றே கால் மணி.

அவள் கட்டியிருந்த குடிசையின் வாசலில் இரண்டு பேர் நின்றிருந்தார்கள்.

ஒரு பெண். ஓர் ஆண். டிவிக்காரர்கள் போடுகிற அதே சிவப்புக் கோட்டு. பெண்ணின் கையில் எடை பார்க்கும் மெஷின். ஹெலிகாப்டர் சத்தமே கேட்கவில்லையே... ஏரி உறைந்திருக்கும், அதன் மேல் நடந்து வந்திருப்பார்கள் என்று நினைத்துக்கொண்டாள். பட்டினி கிடக்கிற மூளை அவ்வளவுதான் யோசிக்கும்.

ஆனால் ஒன்றைக் கவனித்தாள். எப்போது ஆட்கள் வந்தாலும் முதலில் சோப்பு வாசனை வரும், காப்பி வாசனை வரும். இவர்களிடம் எந்த வாசனையும் இல்லை. அந்தக் குளிரில் உறைபனி காலடியில் கிறீச்சிடும். இவர்கள் நகர்ந்தபோது கிறீச் இல்லை. வேறொரு சத்தம். சொட்... சொட்... ஈரத்துணியிலிருந்து தண்ணீர் வடிகிற மாதிரி.

மைனஸ் முப்பதில்.

"ஏறு," என்றாள் அந்தப் பெண்.

ஏறினாள். முள் எங்கே நின்றது என்று இருட்டில் தெரியவில்லை.

"போதும். நல்லா இருக்கே."

அந்த ஆள் கையை நீட்டினான். "கருவியைக் குடு. பேட்டரி மாத்தித் தர்றோம்." கொடுத்துவிட்டாள். போகும்போது, யாரும் சொல்லவே கூடாத ஒன்றை அவன் சொன்னான்.

"இன்னும் ஒருத்தர்தான் பாக்கி. பொறு."

அந்த ஒரு வார்த்தையில்தான் மார்லிஸ் அதற்குப் பிறகு உயிரோடு இருந்தாள். மரப்பட்டையைச் சுரண்டி வேகவைத்துக் குடித்தாள். முயல் தோலைச் சுட்டு மென்றாள். நான்கு நாள் கழித்து அவர்கள் மறுபடி வந்தார்கள். அதற்கு நான்கு நாள் கழித்து மறுபடி. ஒவ்வொரு தடவையும் ஏறு, போதும், நல்லா இருக்கே. ஒவ்வொரு தடவையும் அவன், "ஒருத்தர்தான்." கருவியை அவள் கேட்கவும் இல்லை, அவர்கள் தரவும் இல்லை.

மூன்றாம் தடவை பூட்ஸைக் கழற்றிக் காட்டினாள். விரல்கள் கறுத்திருந்தன.

"இதைப் பாருங்களேன்... உணர்ச்சியே இல்லை."

அந்தப் பெண் குனிந்து வெகுநேரம் பார்த்தாள். "நல்லாத்தான் இருக்கு," என்றாள். கறுத்திருக்கிறது என்று மார்லிஸுக்குத் தெரியும். தெரிந்தும் நம்பினாள். இன்னும் ஒரே ஒருவர்தான், அவர் போய்விட்டால்... டெஸ்ஸுக்கு ஓர் அறை. நினைத்தபடியே தூங்கிப்போனாள்.

எண்பத்தோராம் நாள் உண்மையான ஹெலிகாப்டர் வந்தது. ஆன்ஸ்லி இறங்கி ஓடிவந்து அவளைக் கட்டிப்பிடித்து அழுதார். அழுதுமுடித்ததும் கோபம் வந்தது.

"ஏன் மார்லிஸ்? ஏன் இப்படிப் பண்ணினே? நீ ஜெயிச்சு ரெண்டு வாரம் ஆச்சு!"

அவள் கருவியைக் கொடுத்த மறுநாளே, மிச்சமிருந்த அந்த ஒருவரும் போட்டியை விட்டுக் கிளம்பிவிட்டார். அன்றைக்கே மூடுபனி இறங்கிவிட்டது. பதினான்கு நாள் எதுவும் பறக்க முடியவில்லை. ஏரியிலோ ஒரு நாயைத் தாங்குகிற அளவுக்குக்கூடப் பனிக்கட்டி பிடிக்கவில்லை. படகும் போகாது, நடந்தும் போக முடியாது. அதனால் கருவிக்குத் தகவல் மேல் தகவல் அனுப்பியிருக்கிறார்கள். நீ ஜெயித்துவிட்டாய், போட்டி முடிந்தது, குடிசையில் சீல் வைத்திருக்கிற அவசர உணவுப் பெட்டியை உடைத்துச் சாப்பிடு, காலைப் பார்த்துக்கொள்.

ஒவ்வொன்றுக்கும் பதில் வந்திருக்கிறது. "நலம். இருக்கிறேன்."

டெஸ்ஸையும், கார் போகிற இடத்தில் இருந்த தங்கள் முகாமுக்கு வரவழைத்திருந்தார்கள், அம்மாவுக்கு ஆச்சரியமாக இருக்கட்டும் என்று. அவளும் எழுதியிருக்கிறாள். அம்மா, நான் டெஸ். நான் சிரிச்சது தப்பு. இங்க உனக்காகக் காத்திட்டிருக்கேன். ஒரு வார்த்தை பேசு.

"நலம். இருக்கிறேன்."

ஒன்பது நாள் எழுதினாள். ஒன்பது நாளும் அதே பதில். பத்தாம் நாள் அப்பாவைக் கூப்பிட்டுக் கிளம்பிப் போய்விட்டாள்.

"வந்தாங்களே..." என்றாள் மார்லிஸ். "நீங்க அனுப்பின ரெண்டு பேர்... எடை பார்த்தாங்களே..."

ஆன்ஸ்லி அவளைப் போர்வையில் சுற்றி ஹெலிகாப்டரில் ஏற்றினார். நாங்கள் யாரையும் அனுப்பவில்லை என்று பிறகு டார்சியிடம்தான் சொல்லியிருக்கிறார். கருவி கிடைக்கவே இல்லை.

பரிசு வந்தது. ஓர் அறை கூடுதலாக உள்ள வீட்டையும் மார்லிஸ் வாங்கினாள். அந்த அறையில் கட்டில் போட்டு மெத்தை விரித்திருக்கிறாள். டெஸ் இன்றுவரை அந்த வீட்டுப் படியை மிதிக்கவில்லை. "காசுக்காக என்னையே வேண்டாம்னுட்டா. இப்போ பேய்க் கதை சொல்றா," என்று தன் மாமா டார்சியிடமே சொன்னாளாம். டார்சி அதைச் சொல்லும்போது எங்கள் முகத்தைப் பார்க்கவில்லை.

இன்னொன்றையும் அவன் சொன்னான்... ஆஸ்பத்திரியில் இருந்த நர்ஸ் சொன்னது.

மார்லிஸின் இடது காலிலிருந்து காலுறையைக் கத்தரித்து எடுத்தபோது, கறுத்துப்போன இரண்டு விரல்கள் அங்கே இல்லை. சுத்தமாக வெட்டி, ஒழுங்காகத் தையல் போட்டிருந்தது. காயம் ஆறத் தொடங்கியிருந்தது. யார் செய்தது என்று கேட்டால் மார்லிஸுக்கு ஞாபகமில்லை.

தையலைப் பிரிக்கப்போன நர்ஸ் விளக்கைக் கிட்டத்தில் இழுத்துப் பார்த்தாள். நூல் இல்லை... முடி. முழ நீளத்துக்கு வெள்ளை முடி.

இன்னும் ஈரமாக இருந்ததாம்.