கோடு போடாத ஒரு போல்ட்

எஞ்சின் வேலைக்கு முதலில் வேண்டியது நல்ல வெளிச்சமும் அவசரப்படாத மனசும்தான் ஐயா. என்னிடம் இரண்டும் உண்டு. அதனால்தான் என் பட்டறைக்கு வந்த எந்த வண்டியும் அதே கோளாறோடு திரும்பி வந்ததில்லை, இந்த ஒன்றைத் தவிர. நீங்கள் கேட்பதால் முதலிலிருந்தே சொல்கிறேன். எதையும் மறைக்கிற உத்தேசம் எனக்கில்லை.

அது என் தங்கையின் கணவருடைய வண்டி. அவரை நான் மாப்பிள்ளை என்றுதான் கூப்பிடுவேன். ஆயில் மாற்ற வந்தபோதே டைமிங் பெல்ட் வெடித்து நைந்துபோயிருப்பதைக் காட்டினேன். எஞ்சினுக்குள் பிஸ்டனும் வால்வும் ஒன்றையொன்று இடிக்காமல் முறை வைத்து ஓடுவது அந்த ரப்பர் பெல்ட்டின் தயவில்தான். அது போனால் வண்டி ஓடுகிற இடத்திலேயே செத்து நிற்கும். "ஓடுற வரைக்கும் ஓடட்டும் மச்சான். உங்களுக்கு எதையாவது கழட்டிக்கிட்டே இருக்கணும்" என்று சிரித்தார். நானும் சிரித்துவிட்டு பானெட்டை மூடினேன்.

பெல்ட் போன அன்று ஓட்டிக்கொண்டிருந்தது என் தங்கை. பாலத்தின் ஏற்றத்தில், வளைவு தாண்டியதும் வண்டி நின்றுவிட்டது. பின்னால் வருகிறவர்களுக்குக் கை காட்ட இறங்கினாள். வளைவில் வந்த லாரிக்காரர் அவளைப் பார்க்கவில்லை. வண்டிமேல் தூசுகூடப் படவில்லை.

துக்கம் கேட்க வந்தவர்களிடமெல்லாம் மாப்பிள்ளை ஒரே பாட்டைத்தான் பாடினார். "அவளுக்கு ஓட்டவே வராதுங்க. ஏத்தத்துல கிளட்ச்ச விட்டு ஆஃப் பண்ணிட்டா. பதட்டத்துல நடுரோட்ல இறங்கி நின்னுட்டா." நாக்கில் நரம்பில்லாத பேச்சு. அவளுக்கு ஓட்டக் கற்றுக்கொடுத்தவன் நான். பட்டறைக்கு வரும் குறுகலான சந்தில் ரிவர்ஸிலேயே வண்டியை எடுத்து வருவாள்; என் ஆட்கள் வாயைப் பிளந்துகொண்டு பார்ப்பார்கள். ஆனால் வந்தவர்கள் எல்லோரும் மாப்பிள்ளை சொன்னதற்குத் தலையாட்டினார்கள். பெற்ற தாயே, "இவளுக்கு எதுக்குடா ஸ்டியரிங்குன்னு நான் அப்பவே கேட்டேனே" என்று என்னைப் பார்த்து அழுதாள்.

துக்கமெல்லாம் ஓய்ந்த பிறகு வண்டியைக் கட்டி இழுத்துவந்து என் பட்டறையில் விட்டார். "ஸ்டார்ட் ஆக மாட்டேங்குது மச்சான். வேற யார் கையிலயும் குடுக்க மனசு வரல."

கவரைக் கழற்றினேன். பெல்ட் அறுந்து சுருண்டு கிடந்தது. எஞ்சினின் மேல்பாகமான ஹெட்டை இறக்கிப் பார்த்தால், பிஸ்டன் இடித்து வால்வுகள் வளைந்திருந்தன. ஓட்டுகிறவர் யாராக இருந்தாலும் அந்த வண்டி அங்கே நின்றுதான் இருக்கும். மாப்பிள்ளையைக் கூப்பிட்டு வளைந்த வால்வை அவர் உள்ளங்கையில் வைத்தேன். "அவமேல தப்பில்ல மாப்பிள்ள. எல்லார்கிட்டயும் இத நீங்களே சொல்லிடுங்க" என்றேன். கெஞ்சினேன் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

அவர் வால்வைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். "இப்ப அதச் சொல்லி என்ன ஆகப்போகுது மச்சான்? செத்தவ திரும்பி வரப்போறாளா? நான் உசுரோட இருக்கறவன், நாலு பேர் மூஞ்சில முழிக்கணும். அவ ஓட்டத் தெரியாம செத்தான்னே இருந்துட்டுப் போகட்டும்."

பெல்ட்டை மாற்றாததற்காக நான் அவரைக் கொல்ல நினைக்கவில்லை. அலட்சியம் யாருக்குத்தான் இல்லை. அந்தக் கடைசி வாக்கியத்துக்காகத்தான் நினைத்தேன். அதே பாலத்தில், அதே ஏற்றத்தில், அவரும் இறங்கி நின்று அடிபட்டுச் சாக வேண்டும், பார்க்கிறவர்கள் 'ஓட்டத் தெரியாதவன்' என்று சொல்ல வேண்டும் என்று ஆசைப்பட்டேன். அவருடைய ஆபீஸுக்குப் போக அந்தப் பாலத்தை விட்டால் வேறு வழி கிடையாது.

அவர்களுடைய ஒரே மகள், என் மருமகள், வாலு என்றுதான் எல்லோரும் கூப்பிடுவோம், பள்ளிக்கூடத்துக்கு எப்படிப் போகிறாள் என்று மட்டும் விசாரித்தேன். வேன் வருகிறது என்றார். எனக்கு நிம்மதியாக இருந்தது.

பிறகு கண்ணும் கருத்துமாக வேலை பார்த்தேன். எல்லா வால்வும் புதிது. ஹெட்டை லேத்துக்கு அனுப்பிச் சமப்படுத்தி வாங்கினேன். பெல்ட் புதிது, வாட்டர் பம்ப் புதிது. பெல்ட்டைத் தொய்யாமல் இழுத்துப் பிடிக்கிற டென்ஷனர் உருளையும் புதிது. அதன் போல்ட்டை மட்டும் விரலால் திருகிவிட்டு, ஸ்பேனர் போடாமல் விட்டேன். ஏற்றத்தில் எஞ்சின் திணறும்போது உருளை நழுவும், பெல்ட் பல் தாண்டும், வண்டி நின்றுவிடும். மற்றது தானாக நடக்கும்.

என்னைப் பிடித்துவிட்டீர்கள் என்று உங்கள் நிபுணருக்குப் பெருமை. பிடிக்கும்படி வைத்தது நான்தான். எங்கள் பட்டறையில் ஒரு போல்ட்டை முழுதாக இறுக்கியதும் அதன் தலையில் வெள்ளை பெயிண்டால் கோடு போடுவோம். கோடு இருந்தால் அடுத்தவர் தொட்டுப் பார்க்க வேண்டியதில்லை. அந்த எஞ்சினில் கோடு இல்லாதது ஒரே ஒரு போல்ட். அதிலும் போட்டிருந்தால், ஓட்டத்தில் கழன்றது என்று நீங்கள் கோப்பை மூடியிருப்பீர்கள். பிரஷ்ஷைக் கையில் எடுத்தேன். இறுக்காத போல்ட்டில் கோடு போட எனக்குக் கை வரவில்லை. தொழிலில் நான் பொய் சொன்னவன் இல்லை.

வண்டி எடுக்க வந்த அன்று பள்ளி விடுமுறை. மாப்பிள்ளையோடு வாலுவும் வந்திருந்தாள். ஓடிப்போய் முன்சீட்டில் ஏறிக்கொண்டு, "மாமா, இனிமே நடுவுல நிக்காதுல்ல?" என்று கேட்டாள். நிற்காது என்றேன். குழந்தையிடம் வேறென்ன சொல்வது. சின்னப் பிள்ளைகள் முன்னால் உட்காரக் கூடாது என்று தூக்கிப் பின்சீட்டில் உட்கார வைத்தேன். சாவியைக் கொடுக்காமல் இருந்திருக்கலாமே என்கிறீர்கள். அவர் சந்தேகப்பட்டு வேறு பட்டறைக்குப் போயிருப்பார். எனக்கு இன்னொரு வாய்ப்பு கிடைத்திருக்காது. தவிர, அன்றைக்கே நழுவும் என்று யார் கண்டது.

அன்றைக்கே நழுவியது. வளைவு தாண்டிய ஏற்றத்தில் நின்ற வண்டியின் பின்பக்கத்தை ஒரு லாரி நசுக்கியது. மாப்பிள்ளை இறங்கிப் பாலத்துச் சுவரோரம் நின்றிருந்ததால் பிழைத்துக்கொண்டார். வாலு பிழைக்கவில்லை.

லாரி வருவதற்கு முன் அவர் யாருக்கோ போன் செய்திருக்கிறார் என்று சொன்னீர்கள். எனக்குத்தான். "மச்சான், திரும்பவும் நின்னுடுச்சு. நான் ஓரமா நிக்கறேன். வாலு பின்னாடி தூங்குறா, எழுப்பி இறக்கிரட்டா?" என்று கேட்டார். குழந்தையைக் கையில் பிடித்தால் அவர் சுவரை விட்டு நகர மாட்டார் என்று எனக்குத் தெரியும். "வேணாம் மாப்பிள்ள, அவ தூங்கட்டும். நீங்க வண்டிக்குப் பின்னாடி போய் நின்னு வர்றவங்களுக்குக் கை காட்டுங்க" என்றேன். அவர் சரி என்று கிளம்புவதற்குள் சத்தம் கேட்டுவிட்டது.

வேண்டாம் என்று நான் சொன்னதற்கு அவர் வேறு அர்த்தம் கற்பிப்பார், எழுதிக்கொள்ளாதீர்கள். நல்ல தூக்கத்தில் இருக்கிற குழந்தையை எழுப்ப எனக்கு எப்போதுமே மனசு வராது.