ஆஷ்மியர் மாளிகையின் பன்னிரண்டாவது ஜன்னல்

தலைமை தாங்கும் பாதிரியார் மார்ட்லண்ட் அவர்களே, மேடையில் வீற்றிருக்கும் ஊர் மன்றத்துப் பெரியோர்களே, முன்வரிசையில் அமர்ந்திருக்கும் மறைந்த அம்மையாரின் அண்ணன் மகன் திரு. ஹியூகோ டேவனிஷ் அவர்களே, நனைந்த குடைகளோடு வந்து இந்த மன்றத்தை ஈரமாக்கியிருக்கும் ஆஷ்மியர் மக்களே, அனைவருக்கும் என் வணக்கம்.

மாளிகைப் பாதுகாப்புச் சங்கத்தின் செயலாளர் என்ற முறையில் என்னைப் பேச அழைத்திருக்கிறார்கள். செயலாளர் என்றால் என்ன? மிஸ் ஹெஸ்டர் டேவனிஷ் ஏறும் ஏணியைக் கீழே நின்று பிடிப்பவன். அந்தப் பதவியில்தான் எனக்குத் தலை நரைத்தது.

இறந்தவரைப் புகழ்ந்து மட்டுமே பேச வேண்டும் என்று வாசலிலேயே பாதிரியார் என் காதைக் கடித்தார். புகழ்கிறேன். ஆனால் உண்மையையும் சொல்கிறேன். அம்மையாரைப் போல் என் பொறுமையைச் சோதித்தவர் இந்த வட்டாரத்தில் பிறக்கவில்லை.

அந்த மாளிகையின் முகப்பை நீங்கள் எல்லோரும் அறிவீர்கள். அதில் பொய் சொல்லாத பொருள் ஒன்றாவது உண்டா? கல் போலத் தெரிவது செங்கல்மேல் பூசிய சுண்ணாம்பு; கல்லென்று நம்பும்படி அதில் கோடு கீறியிருக்கிறார்கள். வாசலில் நிற்கும் நான்கு தூண்களும் மரம். கூரையோ, மேல்சுவருக்குப் பின்னால் கடன்காரனைப் போல் ஒளிந்திருக்கிறது. இத்தனை பொய்க்கும் சிகரமாக, மேல்மாடியின் கிழக்கு ஓரத்தில் அந்தப் பன்னிரண்டாவது ஜன்னல்! சட்டம், கண்ணாடி, பாதி இறங்கிய வெள்ளைத் திரை, எல்லாம் வெறும் சுவரில் தீட்டிய வண்ணம்.

அந்தக் காலத்தில் வீட்டு ஜன்னல்களை எண்ணி அரசு வாங்கிய ஜன்னல் வரிக்குப் பயந்து அடைத்தது என்று ஊரில் எல்லோரும் சொல்வோம். நானும் ஒருமுறை அம்மையாரிடம் சொன்னேன். "வரியாம் வரி! கில்பர்ட், அந்தச் சுவருக்குள்ள புகைபோக்கி போகுது. ஜன்னல் வச்சா யாரு எட்டிப் பாக்கிறது, புகையா? இந்தப் பக்கம் ஆறு இருந்தா அந்தப் பக்கமும் ஆறு வேணும். உங்களுக்குக் கண்ணு இருக்கா, இல்ல அதுவும் தீட்டி வச்சதுதானா?" என்றார். இப்படித்தான், அன்பர்களே, அம்மையார் விளக்கம் தருவார்.

சரி, சுவரில் ஒரு ஜன்னல் தீட்டியிருக்கிறது, அத்தோடு விட்டாரா? விடவில்லை! தீட்டிய திரை பாதியில் நிற்கிறது. ஆகவே மற்றப் பதினொரு ஜன்னல்களின் திரைகளும் பாதியில்தான் நிற்க வேண்டும் என்றார். கோடையிலும் பாதி, குளிரிலும் பாதி. அந்த வீட்டில் பகலில் விளக்கேற்றித்தான் நாம் தேநீர் அருந்தினோம். விருந்துக்கு வந்தவர் யாராவது திரையைச் சற்று உயர்த்திவிட்டால், வேலைக்கார அம்மா மிஸஸ் பிளிம்மர் ஓடிவந்து இறக்கிவிட்டு, "அம்மா வெளியில நின்னு பாக்கறாங்க" என்பார். மழையிலும் அம்மையார் வெளியில்தான் நின்றுகொண்டிருப்பார்.

போர்க்காலத்தை மறக்க முடியுமா? விமானத் தாக்குதலுக்குப் பயந்து ஊரையே இருட்டாக்கிய நாட்கள். காவல் சுற்றிவந்த ஆல்ஃப் ரிம்மர், இதோ மூன்றாம் வரிசையில் இருக்கிறார், "அம்மா, ஓரத்து ஜன்னல் மூடலையே" என்று கதவைத் தட்டினார். "அது சுவர், ஆல்ஃப்" என்றார் அம்மையார். "சுவரோ கிவரோ, மேல இருந்து பாக்கிற ஜெர்மன்காரனுக்கு அது தெரியுமா?" என்றார் இவர். வேறு எவராக இருந்தாலும் சண்டை போட்டிருப்பார்கள். அம்மையாரோ மகிழ்ந்துபோய், மற்றவை மூடியிருக்கும்போது அதுவும் மூடியிருப்பதுதானே முறை என்று, சுவருக்கே கறுப்புத் துணி மாட்டினார். ஏணியைப் பிடித்தது யார் என்று கேட்கவும் வேண்டுமா?

நோயில் விழுந்தபோதும் மாறினாரா? நாக்கைப் பார்க்க டாக்டர் விளக்கடிக்க வேண்டியிருந்தது. திரையை ஏற்றக் கையைக் கொண்டுபோனவரைக் கண்ணாலேயே நிறுத்தினார். தாம் பிடித்த முயலுக்கு மூன்றே கால்!

அன்றுதான் எனக்குப் பொறுக்கவில்லை. "சுவத்துல இருக்கிற திரையை ஒரு முழம் மேல தீட்டிட்டா போதுமே. வீடு முழுக்க வெளிச்சம் வந்துடுமே. இத்தனை வருஷமா இது உங்களுக்குத் தோணலையா?" என்று கத்தினேன். நோயாளியிடம் கத்தினேன், ஆம்.

அவர் பொறுமையாகச் சொன்னார்: "முழுக்க ஏத்தினா காலி வீடு. முழுக்க இறக்கினா சாவு வீடு. பாதியில நின்னாத்தான் கில்பர்ட், உள்ள ஆள் இருக்குன்னு ரோட்டுல போறவங்களுக்குத் தெரியும்."

கோபித்துக்கொண்டு வீட்டுக்குப் போனேன்.

அவர் மறைந்தார். நம் வழக்கப்படி மிஸஸ் பிளிம்மர் அழுதுகொண்டே எல்லாத் திரைகளையும் அடிவரை இறக்கினார். பதினொன்று இறங்கின. பன்னிரண்டாவது? துக்க வீட்டில் ஒற்றைக் கண்ணைத் திறந்து வேடிக்கை பார்ப்பதுபோல் பாதியில் நின்றது.

வீட்டுக்கு வாரிசாக வாசலில் நின்ற ஹியூகோ சொன்னதை இங்கே சொல்கிறேன், அவர் மன்னிப்பாராக. "அத்தை செத்த அன்னிக்குக்கூட அடங்காத ஜன்னல். இந்தப் பொய் வீட்டுல எவன் குடியிருப்பான்? பழைய செங்கல்லு வாங்கற வியாபாரி கேட்டுட்டே இருக்கான். இடிச்சு எடுத்துட்டுப் போகட்டும்." பக்கத்து ஊர்களில் எத்தனை மாளிகைகள் அப்படிப் போயின என்பது உங்களுக்குத் தெரியாதா? சவப்பெட்டி எடுக்கும் நேரத்தில் அம்மையாருக்குக் கோணலான முகப்பு கூடாது என்பது மட்டும் தெரிந்தது. வெள்ளைச் சாயமும் தூரிகையும் எடுத்துக்கொண்டு ஏணியில் ஏறினேன். இந்த வயதில், இந்த முழங்காலோடு! பிடிக்க வேறு ஆளில்லாமல் ஹியூகோதான் பிடித்தார்.

சுவரில் தீட்டிய திரையை அடிவரை இறக்கிவிட்டு இறங்கினேன். ஹியூகோவைக் காணவில்லை. திரும்பிப் பார்த்தால், ஏணியை விட்டுவிட்டுப் புல்வெளியின் நடுவில் போய் நிற்கிறார். தொப்பியை இறக்கி, தலையைச் சாய்த்து, ஒரு கண்ணை மூடிப் பார்க்கிறார்.

"கில்பர்ட்," என்றார், "இடது ஓரம் ஒரு விரல்கடை தூக்கிருக்கு. மத்ததோட சேரல. திரும்ப ஏறுங்க."

கடவுளே, இன்னொருவரா!

அன்பர்களே, அந்தக் குரலைக் கேட்டதும் எனக்கு வந்த எரிச்சலைச் சொல்லி முடியாது. திரும்ப ஏறினேன். அதன் பிறகு செங்கல் வியாபாரியைப் பற்றி அவர் வாய் திறக்கவில்லை. நானும் கேட்கவில்லை.

மிஸ் டேவனிஷ் அவர்களே, உங்கள் பணியைத் தொடர்வோம் என்று இந்த அவையின் முன் உறுதி சொல்கிறேன். இப்போதே, இந்த மழையிலேயே, பதினொரு திரைகளையும் மிஸஸ் பிளிம்மர் பாதிக்கு ஏற்றுவார். மழை விட்டதும் பன்னிரண்டாவதை நாங்கள் தூரிகையால் ஏற்றுவோம். அதுவரை கோணலைப் பொறுத்துக்கொள்ளுங்கள். உங்களை நாங்கள் பொறுக்கவில்லையா?

ஹியூகோ, இந்த முறை ஏணியில் நீங்கள் ஏறுங்கள். நான் பிடிக்கிறேன். உள்ளே ஆள் இருக்கிறது என்று ரோட்டில் போகிறவர்களுக்குத் தெரியட்டும்.