ஒற்றைப் படி ஏணி

ஃபிட்டர்: கொஞ்சம் தள்ளி நில்லுடி, நிழல் விழுது. டயர்ல எழுத்து தெரியல.

மனைவி: பக்கத்து வீட்டுக்காரர் பாத்தா, அவர் காரு டயரைக் கழட்டத்தான் உக்காந்திருக்கீங்கன்னு நெனைப்பார்.

ஃபிட்டர்: நெனைக்கட்டும். நாளைக்கு டயர்க் கடையில மொதலாளி கேட்டதும் இதைக் கடகடன்னு படிச்சுக் காட்டிட்டா, கவுண்டர் நாற்காலி எனக்கு. முட்டி மடக்கிச் சக்கரம் கழட்டுற வேலைக்கு ஒரு கும்பிடு.

மனைவி: திக்கிட்டா?

ஃபிட்டர்: மறுபடியும் தரைதான்... வாயை வெக்காத!

மனைவி: உங்களுக்குத்தான் சின்னதுலயே எழுத்து தெரியுமே. அப்புறமென்ன ஒத்திகை?

ஃபிட்டர்: தெரியாமயா இத்தனை வருஷம் மாட்டினேன்? சும்மா... ஒரு தடவை சொல்லிப் பாக்கறேன். உனக்குத்தான் படிக்கத் தெரியாது, காதுலயாவது வாங்கு.

மனைவி: சரிங்க வாத்தியாரே.

ஃபிட்டர்: நூத்தியெண்பத்தஞ்சு. டயர் அகலம், மில்லிமீட்டர்ல. அப்புறம் சாய்கோடு, அறுபத்தஞ்சு...

மனைவி: அது உங்க வயசா?

ஃபிட்டர்: என்னைக் கிழவனாக்கலைன்னா உனக்குச் சோறு எறங்காதே! பக்கச்சுவர் உயரம்டி. அகலத்துல நூத்துக்கு அறுபத்தஞ்சு பங்கு. அடுத்து ஆர், ரேடியல்ங்கற டயர் வகை. கடையில ஒருத்தன் ஆர்னா ரைட்டுன்னு நெனச்சு, இடது பக்கத்துக்கு எல் போட்ட டயரைக் குடோன் பூரா தேடினான்!

மனைவி: யாருங்க அந்த ஒருத்தன்?

ஃபிட்டர்: இருக்கான்... உனக்குத் தெரியாது.

மனைவி: ம்ம்... மேல சொல்லுங்க.

ஃபிட்டர்: பதினஞ்சு, ரிம்மோட விட்டம், அங்குலத்துல. எண்பத்தெட்டு, தாங்குற பாரம்.

மனைவி: அவ்ளோ பெரிய காரை எண்பத்தெட்டு கிலோவா தாங்கும்?

ஃபிட்டர்: கிலோ இல்லடி, அது குறியீடு. கடைச் சுவத்துல அட்டவணை இருக்கு. எண்பத்தெட்டுன்னா ஒரு டயருக்கு ஐநூத்தியறுபது கிலோ. கடைசி எழுத்து வேகத்துக்கு. அது... அது வந்து...

மனைவி: ஒத்தைப் படி ஏணி.

ஃபிட்டர்: ஆங், ஹெச்! ... இரு, இரு. ஏணி கணக்கு உனக்கு எப்படித் தெரியும்?

மனைவி: அந்த ஒருத்தன் பஞ்சர் குறிக்கிற சாக்பீஸ்ல நம்ம வீட்டுத் தண்ணித் தொட்டிச் சுவத்துப் பின்பக்கம் எழுதிப் பழகுறானே, ஹெச் பக்கத்துல ஏணி வரைஞ்சு... அதைத் தெனமும் கழுவுறது யாருன்னு நெனச்சீங்க? கழுவுறதுக்கு முன்னாடி, கீழே நானும் ஒரு வரி எழுதிப் பாத்துக்குவேன். கையைக் குடுங்க... மெதுவா எந்திரிங்க.