பிரித்துப் பார்க்காத துப்பாக்கி

என் பெயர் லோவெல் ஹாஸ்கின்ஸ், வயது 50. ஒஹாயோ மாநிலம் மேரியெட்டா நகரில் வசித்து, எடை அளவு ஆய்வாளராகப் பணிபுரிகிறேன். இரண்டாம் உலகப் போரின் கடைசி மாதங்களில் ஜப்பானியர் அவசரகதியில் செய்த ராணுவத் துப்பாக்கிகளைச் சேகரிப்போர் சங்கத்தில், உறுப்பினர்கள் வாங்குவது அசலா எனப் பார்த்துச் சொல்பவன் நானே.

சென்ற சனிக்கிழமை காலை என் நண்பர் தர்ஸ்டன் பிக்கெட், சந்தையில் வாங்கிய துப்பாக்கியுடன் என் வீட்டிற்கு வந்தார். இரும்பில் அரத்தின் தழும்புகள் அப்படியே இருந்தன. அடிக்கட்டையில் இரும்புத் தகட்டிற்குப் பதில் மரப்பலகை அடிக்கப்பட்டிருந்தது. முரடாக இருக்க இருக்க எங்களிடையே அதற்கு மதிப்பு கூடும். ஆனால் குண்டில்லாத வெற்றுத் தோட்டா மட்டும் போட்டுப் பழகுவதற்கென, உண்மைத் தோட்டாவைத் தாங்காத வார்ப்பிரும்பில் செய்த பயிற்சித் துப்பாக்கிகளும் இதே முரட்டுத் தோற்றம் உடையவை. திருகாணிகளைக் கழற்றி, மரத்திலிருந்து இரும்பைத் தூக்கிப் பார்த்தால் ஐயம் தீரும். தொழிற்சாலையில் முடுக்கிய திருகாணியைத் தொடலாகாது என்பது சங்க விதி. அதை எழுதியவன் நான்.

"பிரிச்சுப் பாத்துடலாமாடா?" என்று அவர் கேட்டார்.

"தொட்டா மதிப்பு போச்சு" என்றேன்.

"பொண்டாட்டியையும் இப்படித்தான் கண்ணாடிப் பெட்டியில வெச்சுப் பூட்டப் பாத்த, அவ ஓடியே போயிட்டா" என்று சிரித்தார்.

அதன் பின்னர் குழலுக்குள் விளக்கடித்துப் பார்த்தேன். பயிற்சித் துப்பாக்கியில் வெட்டப்படாத, குண்டைச் சுழற்றும் உள்வரிகள் தெரிந்தமையால், அசல்தான், சுடலாம் என்றேன். பயிற்சித் துப்பாக்கியில், கழித்துப்போட்ட பழைய அசல் குழலைப் பொருத்தியிருக்கக்கூடும் என எண்ணவில்லை.

அதன் பின்னர் அவரது பண்ணைக்குச் சென்றோம். அவர் தம் வீட்டில் மருந்து நிரப்பிக் கொண்டுவந்த தோட்டாக்களில் முதலாவதிலேயே துப்பாக்கி அவர் முகத்தருகே வெடித்தது. வலக்கண் போய்விட்டது. உடைந்த விளிம்பில் வார்ப்பிரும்பின் சாம்பல் நிறச் சொரசொரப்பைக் கண்டேன். அங்கு வந்த காவல் அலுவலர், வீட்டில் நிரப்பிய தோட்டாவில் வெடிமருந்து மிகுந்துவிட்டதா என வினவியபோது, நான் பதில் கூறவில்லை.

நேற்று மருத்துவமனையில் அவரைக் கண்டேன்.

"மருந்த நாந்தான் கூடப் போட்டேன்னு எழுதிக் குடுத்துட்டேன். நீ குறுக்க வராத" என்றார். ஏன் என்று கேட்டேன். "சங்கத்துல நீ சொன்னா அதுக்கு மேல பேச்சில்ல. உனக்கு வேற என்னடா இருக்கு?" என்றார்.

அவர் நிரப்பிய தோட்டாக்களைப் பலமுறை என் தராசில் நிறுத்துப் பார்த்திருக்கிறேன். மருந்து ஒருமுறையும் கூடியதில்லை. அவர் எழுதிக் கொடுத்தது உண்மையன்று. சுடலாம் என்று சொன்னவன் நான்.

இவ்வாக்குமூலம் எனக்கு வாசித்துக் காட்டப்பட்டது. யாவும் மெய்யே, இதில் நீக்குவதற்கு ஏதுமில்லை.

(ஒப்பம்) லோவெல் ஹாஸ்கின்ஸ்