மஞ்சள் துண்டு

“கண்ணாடியக் கழட்டிட்டா அலை வர்றதே எனக்குத் தெரியாதுடா.”

பெங்களூரு பொம்மனஹள்ளி நெரிசலில் பேருந்து நகராமல் நின்றபோது, முன் இருக்கையில் சோடாபுட்டிக் கண்ணாடிக்காரர் தன் நண்பரிடம் சொன்னார். மாதத்துக்கு இரண்டு முறை கோவளம் போய் அலைச்சறுக்கு விளையாடுகிறவர் என்பது பேச்சிலிருந்து தெரிந்தது.

“அப்புறம் எப்படி சர்ஃபிங் பண்ற?”

“பக்கத்துல இருக்கறவன் கையால தண்ணியத் தள்ள ஆரம்பிச்சா நானும் தள்ளுவேன்.”

“லென்ஸ் போட்டுக்கயேன்.”

“ரெண்டு ஜோடி கடலுக்குள்ள போயிடுச்சு.”

“திரும்பி வர்றப்ப கரையாவது தெரியுமா?”

“கரை தெரியும். நம்ம இடம் எதுன்னுதான் தெரியாது. அதுக்குத்தான் சுதா மஞ்சள் சுடிதார் போட்டுட்டு நிப்பா. அதப் பார்த்து வந்துடுவேன்.”

நண்பர் தயங்கினார். “நீங்க ரெண்டு பேரும்தான் பிரிஞ்சிட்டீங்களே. இப்ப என்ன பண்ற?”

“ஒரு கம்ப நட்டு, மஞ்சள் துண்டக் கட்டிட்டுப் போறேன்.”

“சூப்பர் ஐடியா குரு!”

“நான் கட்டின துண்டுதான், தெரியும். ஆனா அது காத்துல ஆடுறப்ப, தண்ணிக்குள்ளருந்து நானும் கையாட்டிடறேன்டா.”