பீர்க்குழாயை விட்டுப் போகும் போஹுமீர் ஸெலின்காவுக்கு அடுப்போர மேசையின் மடல்

நுரையின் நாயகரே, நிலவறைக் குளிரின் காவலரே, முப்பத்தோராண்டு கால் கடுக்க நின்றும் கை தளராத போஹுமீர் ஸெலின்கா அவர்களே,

பில்சனுக்குத் தெற்கே ஓடும் ஒட்டவா ஆற்றங்கரை 'மூன்று வாத்து' பீர்க்கடையின் அடுப்போர மேசைக்காரர்கள் உங்களுக்கு விடைகொடுக்கும் மடல் இது. நாளை நீங்கள் பிறந்த மண்ணான மொராவியாவின் திராட்சைத் தோட்டங்களுக்கு நடுவே மகள் வீட்டில் இருப்பீர்கள். நாங்கள் வேறொருவர் ஊற்றியதை வாயில் வைத்துவிட்டு உங்களைத் தேடிக்கொண்டிருப்போம்.

போதுமென்று நாங்கள் குவளையை அட்டையால் மூடும்வரை, கேளாமலே அடுத்ததைக் கொண்டுவந்து வைத்தவர் நீங்கள். மூன்று விரல் நுரை, ஈரக் கம்பளி போல் கனத்து, கடைசி மடக்குவரை கலையாது நிற்கும். பில்சன் நகரத்தார் ஒருகாலத்தில் முப்பத்தாறு பீப்பாய் கெட்ட பீரை நகர மன்ற வாசலில் கொட்டினார்கள். அந்த ரோஷம் உங்களிடம் இருந்தது. வந்த ஆண்டே, வெயிலில் கிடந்த பீப்பாய்களை லாரியோடு திருப்பி அனுப்பினீர்கள். ஆகஸ்டு மாதத்தில் மூன்று நாள் கடை வறண்டது.

"ஒயின் விக்கத்தான்யா இந்த நாடகம். மொராவியாக்காரன் புத்தி போகுமா?" என்று உங்கள் காதுபடச் சொல்லிவிட்டு, இதை எழுதும் வென்டெலின் பாலத்துக்கு அக்கரைக் கடைக்குப் போனான். பதினொரு வாரம் நுரை செத்த பீரைக் குடித்துவிட்டுத் திரும்பியவனிடம், "தாகமா?" என்று மட்டும் கேட்டீர்கள்.

எல்லோரும் தலையசைத்தால்தான் எங்கள் மேசையில் புதியவர் உட்காரலாம். ஆண்டுதோறும் உங்கள் பெயரைச் சொன்னோம். ஆண்டுதோறும் வென்டெலின் ஒருவன் தலையசைக்கவில்லை. முதலில் சந்தேகம். பிறகு, சொன்னதை மாற்றிச் சொல்ல வெட்கம். நீங்களோ எங்கள் வேடிக்கைப் பேச்சுக்கெல்லாம் இரண்டடி தள்ளி நின்றே சிரித்தீர்கள்.

போன வியாழன் மருந்துக்கடை க்விடோ கேட்டார்: "ஏம்ப்பா, அவரு ரயில் ஏறுன பெறகா தலையாட்டப் போறே?"

"சும்மா இருய்யா. ஆட்டிட்டேன், பாத்தியா?" என்றான் வென்டெலின்.

முப்பதாண்டு தாமதம்தான். மிஞ்சியிருப்பது இந்த ஒரு மாலை. குழாயை மூடிவிட்டு அந்த இரண்டடியை நடந்து வாருங்கள். நாற்காலி போட்டாயிற்று. இன்று ஊற்றப்போவது வென்டெலின். நுரை கோணலாகத்தான் வரும். முகம் சுளிக்காமல் குடியுங்கள். முடிந்தால் இன்னொன்று கேளுங்கள்.

முழங்கால் வலி தீர்ந்து, நல்ல தாகத்தோடு நெடுநாள் வாழுங்கள்.

அடுப்போர மேசைக்காரர்கள் எழுவர் சார்பில்,
வென்டெலின் க்ராட்கி